யாரும் சொல்லாத வார்த்தை

ஊரிலிருந்த வெள்ளை வேன்களுக்கெல்லாம் அன்றைக்குப் பொல்லாத நேரம். பால் வேன், துணி வேன், ஸ்கூல் வேன் என்ற பாகுபாடே இல்லாமல் போலீஸ் மூலைக்கு மூலை நிறுத்தி, கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாம் ரேடியோவின் கைங்கரியம்.

ரேடியோ என்பது வக்கீலம்மாவின் உதவியாளனுக்கு ஊர் வைத்த பெயர். அணைக்கிற பொத்தான் அவனுக்கு இல்லை. வக்கீலம்மா கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத் துப்பறிய வந்தவர். கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல்கள் பேசிய பேச்சையெல்லாம் சகித்துக்கொண்டவருக்கு இவன் ஒருவனைச் சகிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

கண்ணாடிக் கடையின் மாடிப்படியில் அவரை வழிமறித்துக்கொண்டு நின்றான்.

"மேடம், கேஸை முக்கால்வாசி முடிச்சுட்டேன். கால்வாசி உங்களுக்காக விட்டு வெச்சிருக்கேன்."

"அந்தப் பொண்ணு கிடைச்சாச்சா?"

"இல்லை."

"அப்புறம் எதுடா முக்கால்வாசி?"

காணாமல் போனவளைச் சிநேகிதர்கள் 'சொட்டு' என்று கூப்பிடுவார்கள். மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் அதிகாரி. ஒரு சொட்டை எடுத்துப் பார்த்து பாட்டிலின் பூர்வோத்தரத்தையே சொல்லிவிடுவாள். குழந்தைகள் குடிக்கும் ஒரு இருமல் மருந்தில் விஷம் கலந்திருப்பதைக் கண்டுபிடித்தது அவள்தான். மறுநாள் காலை கோர்ட்டில் ஏறி அதைச் சொல்லவேண்டும். சொன்னால் மருந்துக் கம்பெனி முதலாளி உள்ளே போவான். அவள் வராவிட்டால் வழக்கு அதோடு படுத்துவிடும்.

இன்று மதியம் சாப்பாட்டுக்கு முன்னால், இந்த மாடி அறையில் கணவனோடும் மூன்று சிநேகிதர்களோடும் வார்த்தை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தவள், தன் முறைக்காக வெளியே போனாள். ஜன்னல் வழியாக நாலு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே ஒருத்தனோடு பேசினாள், ஒரு வண்டியில் ஏறினாள், போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் கணவனுக்கு ஃபோன் வந்தது. 'நாளைக்கு விசாரணை முடிஞ்சதும் பத்திரமா வந்துடுவா. போலீஸுக்குப் போனா வரமாட்டா.' கணவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். வக்கீலம்மாவுக்குச் சொல்லி அனுப்பியது அங்கிருந்த டீச்சர்.

"நாலு பேரையும் தனித்தனியா இந்தப் படிக்கட்டுக்குக் கூட்டிட்டு வந்து விசாரிச்சேன்," ரேடியோ விரல் மடக்கினான். "ஒண்ணு, கண்ணாடிக் கடைக்காரர். வண்டியோட பக்கத்துக் கண்ணாடியில முக்கால்வாசிக்குப் பால் மாதிரி பூச்சு. வெளிச்சம் போகும், முகம் தெரியாது. ரெண்டு, தையல்காரம்மா. இறங்கி வந்தவன் போட்டிருந்த வெள்ளைச் சட்டை அவனுக்குத் தைச்சதில்லை. தோள் தையல் முழங்கையைத் தேடிக்கிட்டுப் போகுதாம். இரவல் சட்டை. மூணு, டீச்சர். இந்தச் சந்துல சைக்கிள்காரன்கூட சண்டை போட்டுத்தான் முன்னாடி போகமுடியும், அந்த வண்டிக்கு மட்டும் எல்லாரும் ஒதுங்கி வழி விட்டாங்களாம். சந்தேகமே இல்லை மேடம், பெரிய ரவுடியோட வண்டி."

"நாலாவது?"

"புருஷன்காரர். வெள்ளை வேன்."

"வெள்ளை வேன், அப்புறம்?"

"அவ்வளவுதான். அழுகைக்கு நடுவுல அவ்வளவுதான் வந்துச்சு. ஆனா மத்த மூணும் ஜிகினா மேடம், அது ஒண்ணுதான் துணி. உடனே இன்ஸ்பெக்டருக்கு ஃபோன் போட்டுட்டேன். ஊரைச் சுத்தி அடைச்சுட்டாரு."

"தெரியும். நான் வர்ற வழியில ரெண்டு இடத்துல மாட்டிக்கிட்டேன்," என்று சொல்லிவிட்டு வக்கீலம்மா மேலே ஏறினார்.

அறையில் நாலு பேர் நாலு திசையில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் கண் பரிசோதனை அட்டை, மேலே பெரிய எழுத்தும் கீழே பொடி எழுத்துமாகத் தொங்கியது. மேஜைமேல் ஆளுக்கொரு கைப்பலகை, மார்க்கர் பேனா. ஒரு நாற்காலி மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதன் முதுகில் பெண்கள் மாட்டும் ஒரு கைப்பை.

"அவ பை மேடம்," என்றார் டீச்சர். "ஃபோன் இதுக்குள்ளதான் இருக்கு. அதைவிட, இன்சுலின் ஊசியும் இதுக்குள்ளதான். அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே சர்க்கரை. போன வருஷம் ஊசி தவறினதுல நினைவு தப்பி ஆஸ்பத்திரியில கிடந்தா. இன்னிக்குக் காலையிலயே சர்க்கரை ஏறியிருக்குன்னு சொல்லிட்டிருந்தா. நாளைக்கு விடுவோம்கறாங்களே, அதுவரைக்கும் அவ தாங்கமாட்டா மேடம்."

பத்திரிகை அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்க்கும் கணவன் எழுந்து வந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. நாற்காலியிலிருந்து பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான்.

"இதை யார்கிட்டயாவது குடுத்து அனுப்பமுடியாதா மேடம்?"

"எங்கேன்னு அனுப்பறது?"

வக்கீலம்மா அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு, சுவரைப் பார்த்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"உங்க விளையாட்டை எனக்குச் சொல்லிக் குடுங்க. சீக்கிரமா."

ரேடியோவுக்கு ஆச்சரியம். "மேடம், இப்பப் போய் விளையாட்டா?"

"நீ வாயை மூடு. டீச்சர், நீங்க சொல்லுங்க."

கணக்கு டீச்சர் வகுப்பெடுக்கும் சுருக்கத்தோடு சொன்னார். "ஒருத்தர் ஊகிக்கணும். அவர் பையையும் ஃபோனையும் இங்கேயே வெச்சுட்டு வெளியே போயிடணும், ஃபோன்ல தேடக்கூடாதுங்கறதுக்காக. நாங்க ஒரு வார்த்தையை முடிவு பண்ணுவோம். ஆளுக்கு ஒரு துப்பு, ஒரே வார்த்தையில, அடுத்தவருக்குக் காட்டாம எழுதுவோம். வெளியே போனவர் வந்து துப்புகளைப் பார்த்து ஊகிக்கணும். ஜெயிச்சா எல்லாரும் ஜெயிச்சோம், தோத்தா எல்லாரும் தோத்தோம். யாரும் யாருக்கும் எதிரி இல்லை."

"இதுல என்ன கஷ்டம்? எல்லாரும் பளிச்சுன்னு எழுதிட்டா முடிஞ்சுதே."

"அங்கதான் வில்லங்கம். ரெண்டு பேர் ஒரே துப்பை எழுதிட்டா ரெண்டையும் அடிச்சுடுவோம். போன வாரம் வார்த்தை 'குடை'. நானும் தையல்காரம்மாவும் 'மழை'ன்னு எழுதித் தொலைச்சோம், ரெண்டும் போச்சு. இவர்தான் காப்பாத்தினாரு," டீச்சர் கணவனைக் காட்டினார். "இவர் எழுதின துப்பு 'மறதி'. சொட்டு அதைப் பார்த்ததுமே சிரிச்சுக்கிட்டே 'குடை'ன்னுட்டா. எங்கள்ல இவரை மிஞ்ச ஆள் கிடையாது."

"அப்ப, யாருக்கும் முதல்ல தோணற வார்த்தையை..."

"எழுதவே மாட்டோம். அதை வேற யாராவது எழுதியிருப்பாங்கன்னு விட்டுடுவோம். சில சமயம் எல்லாருமே விட்டுடுவோம். அப்புறம் தலையில அடிச்சுக்குவோம்."

வக்கீலம்மாவின் முகம் மாறியது. மெல்லத் திரும்பி ரேடியோவைப் பார்த்தார்.

"நீ இவங்களை என்னன்னு கேட்டே? ஒரு எழுத்து மாறாம சொல்லு."

"என்ன மேடம், நேரம் மிச்சமாகட்டும்னு... 'மத்தவங்க சொல்லப்போறதையே நீங்களும் சொல்லாதீங்க, எனக்குப் புதுசா ஒண்ணு வேணும், சுருக்கமா'ன்னு..."

சொல்லி முடிக்கும்போதே ரேடியோவின் குரல் தேய்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் சொல்லவந்த வாக்கியம் பாதியில் நின்றது.

"வருஷக்கணக்கா இதையே ஆடறவங்ககிட்டப் போய் அதே விதியைச் சொல்லி விசாரிச்சிருக்கே," என்று வக்கீலம்மா எழுந்தார். "எல்லாரும் கேளுங்க. அந்த வண்டியைப் பார்த்ததும் உங்க மனசுல முதல்ல ஒரு வார்த்தை வந்திருக்கும். அடுத்தவங்க சொல்லியிருப்பாங்கன்னு விட்டிருப்பீங்க. அதை இப்ப எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க."

"ஆம்புலன்ஸ்!"

அறை அதிர்ந்தது. அடுத்த கணம் ஒருவரை ஒருவர் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏங்க, நீங்க சொல்லலையா?" என்றாள் தையல்காரம்மா.

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நான் கண்ணாடியைச் சொன்னேன்," என்றார் கடைக்காரர். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "ஆஸ்பத்திரியிலேர்ந்து ஏதாவது மருந்துல சந்தேகம், அவசரம்னு அவளை அப்பப்பக் கூப்பிட வருவாங்கம்மா. அதனாலதான் முதல்ல நாங்க பதறலை."

ஆம்புலன்ஸ். எந்தச் சோதனைச் சாவடியிலும் நிற்காது. வெள்ளை வேனை நிறுத்துகிற அதே போலீஸ்காரரே கையை ஆட்டி வழி பண்ணிக் கொடுப்பார். சொட்டு இந்நேரம் போலீஸ் மரியாதையோடு ஊரைத் தாண்டியிருக்கலாம்.

"மேடம்," என்றான் ரேடியோ, தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "நான் கீழே போய் எந்த வண்டி முன்னாடியாவது விழுந்துடட்டுமா?"

"வெள்ளை வேனாப் பார்த்து விழு. அதுதான் நின்னுக்கிட்டிருக்கும்." அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "விளையாட்டுல ரெண்டு பேர் ஒரே வார்த்தையைச் சொன்னா அடிச்சுடறீங்க. கோர்ட்டுல ரெண்டு பேர் ஒரே வார்த்தையைச் சொன்னாத்தான் எடுத்துக்குவாங்க. புத்திசாலித்தனமெல்லாம் வேண்டாம். கண்ணுல பட்டதை அப்படியே சொல்லுங்க. வண்டியில என்ன படம் போட்டிருந்துச்சு?"

"ரெண்டு கை," என்றார் டீச்சர்.

"ரெண்டு கை, நடுவுல இதயம்," என்றாள் தையல்காரம்மா.

"இதயம்தான். சிவப்பு," என்றார் கடைக்காரர்.

"அட, அந்த இதய ஆஸ்பத்திரியா!" ரேடியோ துள்ளினான். "சரக்கு ரயில் யார்டுக்குப் பின்னாடி. ஆனா அதை மூடி ரொம்ப நாளாச்சே மேடம். வண்டியெல்லாம் பின்கட்டுல துருப்பிடிச்சு நிக்குது."

"ஆஸ்பத்திரியை மூடினாலும் சட்டையைக் கொளுத்திட்டா போயிருப்பாங்க? ஊழியர் சட்டை ஒண்ணு அங்கே தொங்கியிருக்கும். ஒருத்தன் எடுத்து மாட்டிக்கிட்டான். அத்தனை ஆம்புலன்ஸுக்கு நடுவுல ஒண்ணை ஒளிச்சு வெக்கறதும் சுலபம். இன்ஸ்பெக்டரை அங்கே வரச் சொல்லு. சைரன் போடாம வரச் சொல்லு." வக்கீலம்மா கணவனைப் பார்த்தார். "நீங்க பையோட என் கார்ல ஏறுங்க."

கார் முக்கிய சாலையைத் தொட்டதும் நின்றது. முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள். அந்தக் கோடியில் ஒரு வெள்ளை வேன்காரர் போலீஸிடம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் போட்ட முடிச்சு, நானே மாட்டிக்கிட்டேன்," என்று முணுமுணுத்து ரேடியோ ஸ்டீயரிங்கில் நெற்றியை மோதிக்கொண்டான். பிறகு ஒரு பக்கத்துத் தெருவைப் பிடித்து, குப்பைத் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே காரைச் செருகினான். கண்ணாடி ஒன்று உரசிப் போனது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பின்சீட்டில் கணவன் பையை இறுகப் பிடித்திருந்தான்.

"உயிரோட இருப்பாளா மேடம்?"

"அதை நீங்கதான் சொல்லணும்," என்றார் வக்கீலம்மா, திரும்பிப் பார்க்காமலே.

"என்ன சொல்றீங்க?"

"இன்னிக்கு முதல்ல ஊகிக்கவேண்டியது யார் முறை?"

"டீச்சர் முறை. ஆனா... அவ போகட்டும்னு..."

"யார் சொன்னது?"

ரேடியோ கண்ணாடி வழியே பின்னால் பார்த்தான். கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"எல்லாரும் ஒரே குரல்ல 'ஆம்புலன்ஸ்'னு சொன்னப்ப மூணு வாய்தான் திறந்துச்சு. நான் உங்க வாயைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்," என்றார் வக்கீலம்மா. "ஏன் பார்த்தேன் தெரியுமா? குடைக்கு 'மறதி'ன்னு எழுதற மனுஷர் நீங்க. ஆம்புலன்ஸுக்குப் போய் 'வெள்ளை வேன்'னு சொன்னீங்க. மத்தவங்க மூணு பேரும் அரைகுறையாச் சொன்னாலும் ஒரே வார்த்தையைத்தான் சுத்திச் சுத்தி வந்தாங்க. நாங்க ஊகிக்கணும்னு சொன்னாங்க. நீங்க மட்டும் நாங்க ஊகிக்கக்கூடாதுன்னு சொன்னீங்க. இவனும் அதையே பிடிச்சுக்கிட்டு ஊரை அடைச்சான்."

"அதை எத்தனை தடவை மேடம் சொல்லுவீங்க," என்றான் ரேடியோ, பரிதாபமாக.

கணவன் பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். வார்த்தைகள் துணிக்குள்ளிருந்து வந்தன.

"கம்பெனி ஆளுங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க மேடம். அவ தினமும் ரோட்டைக் கடக்கற இடத்தைப் படம் பிடிச்சு வெச்சிருந்தாங்க. 'ஒரு நாள் லாரி பிரேக் பிடிக்காது. அது வேணுமா, இல்லை ஒரே ஒரு நாள் எங்க பொறுப்புல பத்திரமா இருந்துட்டு வரட்டுமா'ன்னாங்க. நான் தூங்கலை மேடம். சோறு இறங்கலை. ஒரு நாள்தானே, உயிரோட திரும்பி வருவாளேன்னு..." அவன் விசும்பினான். "ஃபோன் இல்லாம அவளை வெளியே அனுப்பணும்னாங்க. விளையாட்டு ஞாபகம் வந்துச்சு. வெளியே போறவங்க பையை வெச்சுட்டுத்தான் போவாங்க. ஃபோனை மட்டும்தான் யோசிச்சேன். ஊசியும் அதே பையில இருக்குங்கறது... அவ வண்டியில ஏறினப்புறம் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அப்பதான் மேடம்..."

"அவங்களுக்கு ஃபோன் பண்ணலையா?"

"பண்ணிக்கிட்டே இருக்கேன். அணைச்சு வெச்சிருக்காங்க."

எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன்! ஒவ்வொரு வார்த்தைக்கும் யாருக்கும் தோன்றாத துப்பைக் கண்டுபிடிக்கிறவனுக்கு, தினமும் கண்ணெதிரே மனைவி போட்டுக்கொள்ளும் ஊசி தோன்றவில்லை. ரேடியோவுக்கு அவனை அறையவேண்டும்போலவும் இருந்தது, அணைத்துக்கொள்ளவேண்டும்போலவும் இருந்தது. இரண்டுக்கும் கை காலியாக இல்லாததால் கியரை மாற்றினான்.

மூடிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றின் பக்கவாட்டிலும் வெளிறிப்போன அதே இரண்டு கைகள், அதே இதயம். தூசியில் எந்தக் கண்ணாடியும் தெரியவில்லை. இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் மதில் ஓரமாகக் காத்திருந்தார்கள்.

"எந்த வண்டின்னு தெரியலை," என்று கிசுகிசுத்தார் இன்ஸ்பெக்டர். "ஒவ்வொண்ணாத் திறந்தா சத்தம் கேட்டு அவளை ஏதாவது பண்ணிடுவானுங்க."

"டயரைப் பாருங்க சார்," என்றான் ரேடியோ. "மத்ததெல்லாம் காத்து இறங்கி உட்கார்ந்திருக்கு. கோடியில இருக்கறது மட்டும் எழுந்து நிக்குது."

வக்கீலம்மா அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். இன்றைக்கு அவனுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அதுதான்.

அடுத்தது எல்லாம் ஒரு மூச்சில் நடந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு பக்கக் கதவை இழுக்க, மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு ஒருத்தன் குதித்தான். தோள் தொங்கும் வெள்ளைச் சட்டை அவன் ஓட்டத்துக்குக் குறுக்கே பறந்தது. ரேடியோ காலை நீட்டினான். அவன் சரளைக் கல்லில் மூக்கு பட விழுந்தான்.

வண்டிக்குள் ஸ்டிரெச்சரில் சொட்டு சாய்ந்திருந்தாள். கை கட்டப்பட்டிருந்தது. உதடுகள் வெடித்திருந்தன. மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வந்தது. கண்ணைத் திறக்கவே பாடுபட்டாள்.

"தண்ணி," என்றாள். பிறகு, "பை."

கணவன் பையைப் பிரிக்கப் போனான். அவசரத்தில் ஊசி கீழே உருண்டது. கட்டு அவிழ்ந்ததும் அவளே எடுத்தாள். விரலைக் குத்தி, கருவியில் சர்க்கரை அளவைப் பார்த்து, உதட்டைக் கடித்தாள். புடவையை விலக்கி வயிற்றில் தானே போட்டுக்கொண்டாள். வக்கீலம்மா தண்ணீர்ப் பாட்டிலை அவள் வாயில் பிடித்தார். இன்ஸ்பெக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து ஆம்புலன்ஸ் கேட்டார். "நிஜ ஆம்புலன்ஸ்" என்று இரண்டு முறை சொன்னார்.

வெளியே, போலீஸ்காரர்கள் தூக்கி நிறுத்திய வெள்ளைச் சட்டைக்காரன் கத்தினான்.

"என்னை மட்டும் ஏன்யா அடிக்கறீங்க? அவரும்தானே சரின்னாரு! அவரைக் கேளுங்க!"

அவன் விரல் வண்டிக்குள் நின்ற கணவனை நோக்கி நீண்டிருந்தது.

சொட்டு பாட்டிலை விலக்கினாள். கணவனைப் பார்த்தாள். அவள் கேட்கவில்லை. அவன் முகமே சொல்லிவிட்டது. அவன் அவள் காலடியில் முழங்காலிட்டான்.

"உன்னைக் கொன்னுடுவாங்கன்னு பயந்துட்டேன்மா. உன் உயிரைக் காப்பாத்தத்தான்... சத்தியமா வேற எதுக்கும் இல்லை."

அவள் மூச்சு வாங்கினாள். ரேடியோ தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றாள்.

"கேட்டிருந்தா நீ மாட்டேன்னு சொல்லியிருப்பே."

"ஆமா. மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்." அவள் அவனைத் தாண்டி, கதவருகே நின்ற இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "சார், நாளைக்கு நான் எத்தனை மணிக்குக் கோர்ட்டுக்கு வரணும்?"